உள்ளே விடாத திரையும் கணபதியில் ஒரு மாடிக் கடையும்

கணினி பழுதுபார்க்கும் கடையை நான் ஒரே ஒரு கேள்வியால் எடைபோடுவேன். என்ன நடந்திருக்கிறது என்று இயந்திரத்தைத் திறந்து படித்துப் பார்க்கிறார்களா, அல்லது பார்க்காமலே எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறோம் என்கிறார்களா? கோயம்புத்தூர் கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் இருக்கும் இந்தக் கடை படித்துப் பார்க்கிற கடை. அதிலும் விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸைப் படிக்கத் தெரிந்த கடை. இந்த நகரத்தில் அப்படி இன்னொன்றை நான் இதுவரை காணவில்லை. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் வந்த பழுதின் கனம் புரியும். போர்வெல் நீர்மூழ்கிப் பம்புகளுக்கு இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரம், வடிவமைப்பது என் வேலை. பல்லடம், சூலூர் பக்கமெல்லாம் ஆயிரம் அடியைத் தாண்டி போர் போடுகிறார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தள்ள ஒரு பம்புக்குள் ஸ்டேஜ் மேல் ஸ்டேஜாக இம்பெல்லர்களை அடுக்க வேண்டும். இறகின் வளைவில் சிறு பிசகு இருந்தாலும் அந்த இழப்பு ஒவ்வொரு ஸ்டேஜிலும் திரும்பத் திரும்ப வரும். இந்த இம்பெல்லர்களை நோரில் பிளாஸ்டிக்கில் வார்க்கிறோம். வார்ப்பதற்கு எஃகில் டை, அதாவது அச்சு, வெட்ட வேண்டும். டை வெட்டிய பிறகு இறகின் கோணத்தை மாற்ற நினைத்தால் அந்தச் செலவைச் சிறு தொழிற்சாலை தாங்காது. ஆகவே டைக்குப் போகும் முன்பே கணினிக்குள் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்துவிடுவோம்.

அதற்கு நான் பயன்படுத்துவது ஓப்பன்ஃபோம். 2004ஆம் ஆண்டு திறந்த மூலமாக வெளிவந்த, நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருள்; உரிமக் கட்டணம் கிடையாது. இதே வேலையைச் செய்யும் வணிக மென்பொருள்களுக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். எங்களைப் போன்ற சிறு பட்டறைகள் பெரிய நிறுவனங்களோடு போட்டியிட முடிகிறது என்றால் அதில் இந்த இலவச மென்பொருளுக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஓப்பன்ஃபோம் லினக்ஸுக்காக எழுதப்பட்டது. நாங்கள் படம் வரையும் மென்பொருளோ விண்டோஸில்தான் ஓடும். இரண்டும் ஒரே மேசையில் வேண்டும் என்பதால், விண்டோஸ் கணினிக்குள் வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் வழியாக, லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு ஓடும் ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியை, வைத்திருக்கிறேன். பல ஆண்டு வேலை அதற்குள்ளேதான் இருக்கிறது. இம்பெல்லரின் உட்பகுதியைச் சிறு சிறு கண்ணிகளாகப் பிரிக்கும் ஸ்கிரிப்டுகள் (சிறு நிரல்கள்), தண்ணீர் நுழையும், வெளியேறும் இடங்களுக்கு ஒவ்வொரு அளவு பம்புக்கும் சரிசெய்து வைத்த எல்லை நிலைகள், சோதனைக்கூட அளவீட்டோடு ஒப்பிட்டுத் திருத்திய கணக்குகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. இன்னொருவர் உட்கார்ந்து திரும்ப எழுதிவிடக்கூடிய பொருள் இல்லை இது.

அந்த மெய்நிகர் கணினி அப்டேட் போட்டு மறுதொடக்கம் ஆன பிறகு என்னை உள்ளே விடவில்லை. உள்நுழைவுத் திரை வழக்கம்போல வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினால் திரை ஒரு கணம் கறுத்துவிட்டு, மறுபடியும் அதே உள்நுழைவுத் திரை. தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் தவறு என்று சொல்லுகிறது. சரியானதைக் கொடுத்தால் எதுவும் சொல்லாமல் வாசலுக்கே திருப்பி அனுப்புகிறது. பிழைச் செய்தி என்று ஏதாவது ஒன்று வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தேடலாம். இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

முதலில் நகரின் நடுவில் உள்ள ஒரு பெரிய கடைக்குத்தான் போனேன். குளிரூட்டப்பட்ட அறை, வரிசை எண் கொடுக்கும் இயந்திரம், சீருடை அணிந்த பணியாளர்கள். நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே, "ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுவிடலாம் சார்" என்றார் முகப்பில் இருந்த இளைஞர். மெய்நிகர் கணினி என்றால் என்ன என்பதையே நான்தான் விளக்க வேண்டியிருந்தது. உள்ளே உள்ள கோப்புகள் என்ன ஆகும் என்று கேட்டதற்கு, அதற்கு உத்தரவாதம் இல்லை என்று அச்சடித்த தாள் ஒன்றில் கையெழுத்து கேட்டார். அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. படித்துப் பார்க்க நேரம் கொடுக்காத ஒரு முறைக்குள் அவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் கண்ணால்கூடப் பார்க்காமல் அழிக்கச் சொல்லும் அந்த வழக்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. மோட்டார் ஓடவில்லை என்று கொண்டுவருபவரிடம் மீட்டர் வைத்துச் சோதிக்காமலே காயிலைப் பிரித்துப் புதிதாகச் சுற்றலாம் என்று சொல்லும் மெக்கானிக்கை எங்கள் ஊரில் எவரும் மதிக்கமாட்டார்கள்.

கணபதிக் கடையைச் சொன்னவர் எங்களுக்கு டை வெட்டித் தருபவர். கடையை நடத்துவது ஓர் இளம்பெண்ணும் அவருடைய தம்பியும். தம்பி மதர்போர்டு, சார்ஜர், ஹிஞ்ச் என்று கைவேலைகளைப் பார்க்கிறார். அதில் அவர் கெட்டிக்காரர் என்று கேள்வி, என் வேலை அவரிடம் போகவில்லை. மென்பொருள் முழுவதும் அக்காவின் பொறுப்பு.

அவர் செய்த முதல் காரியத்திலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மடிக்கணினியை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டே கேள்விகள் கேட்டார். "அப்டேட் முழுதாக முடிந்ததா அண்ணா, நடுவில் நின்றதா? அதற்கு முன்னால் உள்ளே பெரிய வேலை ஏதாவது ஓடிக்கொண்டிருந்ததா?" பெரிய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது என்றேன். தலையை ஆட்டிவிட்டு, மெய்நிகர் கணினி இருக்கும் கோப்புறையை அப்படியே ஒரு வெளி வட்டுக்கு நகலெடுக்கத் தொடங்கினார். வட்டுக் கோப்பு, அமைப்புக் கோப்பு எல்லாம் சேர்த்து. நகல் முடியும்வரை மெய்நிகர் கணினியைத் தொடக்கூட இல்லை. "இது கையில் இருந்தால் நான் எந்தத் தவறு செய்தாலும் நீங்கள் கொண்டுவந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்" என்றார். மெய்நிகர் கணினியில் இந்த வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் கை வைப்பது பெரிய குற்றம் என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுவே.

பிறகு இயந்திரத்தை இயக்கி, உள்நுழைவுத் திரை வந்ததும் அதைக் கண்டுகொள்ளாமல் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையோடு எஃப்3 விசையை அழுத்தினார். திரை முழுக்கக் கறுப்பாகி, வெறும் எழுத்தில் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. வர்ச்சுவல்பாக்ஸில் வலப்பக்கக் கண்ட்ரோல்தான் வழக்கமான ஹோஸ்ட் விசை. அதோடு எஃப்3 சேர்த்தால் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்தியதாக உள்ளிருக்கும் லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் ஒரே நேரத்தில் பல முனையங்களை, அதாவது உள்ளே நுழையத் தனித்தனித் திரைகளை, திறந்து வைத்திருக்கிறது. படத்திரை அவற்றில் ஒன்று மட்டுமே. அங்கே என் கடவுச்சொல்லைத் தட்டினேன். உடனே உள்ளே விட்டது.

"பாருங்கள் அண்ணா, பாதிச் சந்தேகம் தீர்ந்தது" என்றார். கடவுச்சொல் சரி. பயனர் கணக்கு சரி. இயந்திரம் உயிரோடு இருக்கிறது. கோப்புகள் இருக்கின்றன. பழுது, படத்திரையின் அமர்வு, அதாவது உள்நுழைந்த பின் வரும் மேசைத்திரை, தொடங்கும் இடத்தில் மட்டும்தான். பெரிய கடையில் அழித்துவிடச் சொன்ன என் பல ஆண்டு வேலை, இரண்டு விசைகளுக்கு அப்பால் பத்திரமாக இருந்தது. அந்தக் கறுப்புத் திரையில் என் கோப்புறைகளின் பெயர்கள் வரிசையாக வந்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அடுத்து வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்டார். 100 சதவீதம் நிரம்பியிருந்தது. முந்தைய முறை இயந்திரம் தொடங்கியபோது நடந்ததை அதுவே குறித்துவைத்த பதிவேட்டைத் திறந்து, சாதனத்தில் இடமில்லை என்ற வரி மீண்டும் மீண்டும் வந்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார். இடமில்லை என்றால் உள்நுழைவுத் திரை மட்டும் எப்படி வருகிறது? இதை நான் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. உபுண்டு வழக்கமாகப் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை), வட்டின் 5 சதவீதத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு என்று ஒதுக்கி வைத்துவிடும். அணையில் கடைசி அடித் தண்ணீரைப் பாசனத்துக்குத் திறக்காமல் குடிநீருக்கு நிறுத்திவைப்பதைப் போல. பயனர்களுக்கு இடம் தீர்ந்த பிறகும் இயந்திரத்தின் அடிப்படைச் சேவைகள் அந்த ஒதுக்கீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே திரை வரும். ஆனால் நான் உள்ளே நுழையும்போது என் பெயரில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும். எழுத இடமில்லாததால் அமர்வு தொடங்கிய கையோடு செத்துவிடுகிறது. அமர்வு செத்ததும் ஜிடிஎம் என்கிற உள்நுழைவு மேலாளர் தன் கடமையைச் செய்கிறது, மறுபடியும் வாசல் திரையைக் காட்டுகிறது.

இதே அறிகுறிக்கு வேறு காரணங்களும் உண்டு என்று சொல்லி அவற்றையும் சோதித்தார். முகப்புக் கோப்புறையில், படத்திரையைப் பயன்படுத்தும் அனுமதியை வைத்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு ஒன்று இருக்கும். நிர்வாகி உரிமையோடு ஏதாவது படநிரலை இயக்கினால் சில நேரம் அது ரூட்டின் பெயருக்குப் போய்விடும். அப்போதும் இதே போல உள்நுழைவுத் திரைக்கே திருப்பி அனுப்பும். என்னுடையது என் பெயரில்தான் இருந்தது. காரணம் ஒன்று கிடைத்துவிட்டதே என்று நிறுத்திக்கொள்ளாமல் மற்றதையும் பார்த்தாரே, அதுதான் இந்தக் கடையின் தரம்.

இடத்தை அடைத்திருந்தவற்றை அளவு வாரியாக வரிசைப்படுத்தினார். ஓப்பன்ஃபோம் கணக்கு ஓடும்போது குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு நேரப் புள்ளிக்கும் ஒரு கோப்புறையை எழுதும். பெரிய கண்ணி அமைப்பு என்றால் அவை வேகமாகப் பெருகும். எதையும் அவராக அழிக்கவில்லை. ஒவ்வொரு பெயராகப் படித்துக் கேட்டார். அறிக்கை எழுதி முடித்த கணக்குகளை நான் அடையாளம் காட்டிய பிறகே நீக்கினார். தரவிறக்கிய தொகுப்புகளின் எச்சத்தையும் பழைய பதிவேடுகளையும் மட்டும் தாமே துடைத்தார். இந்த மென்பொருளில் கடைசிச் சில நேரப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் வழி இருக்கிறதா என்று அவர் கேட்டது எனக்கு ஆச்சரியம். ஓப்பன்ஃபோம் அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். கணக்கின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோல்டிக்ட் கோப்பில் பர்ஜ்ரைட் என்ற அமைப்பு அதற்குத்தான் இருக்கிறது. நீண்ட கணக்குகளுக்கு இப்போது அதை 3 என்று வைத்திருக்கிறேன்.

அடுத்த சிக்கல் அப்டேட் பாதியில் நின்றது. இடம் தீர்ந்த கட்டத்தில் மென்பொருள் தொகுப்புகள் பாதி நிறுவப்பட்டுக் கிடந்தன. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வந்துவிட்டது. அதோடு ஒட்டி ஓடும் நிரல்களை உருவாக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் வரவில்லை. விட்டுப்போன அமைப்பை முடிக்கச் சொல்லும் டிபிகேஜி கட்டளையையும், தொகுப்புகள் ஒன்றையொன்று நம்பியிருப்பதில் உடைந்த சார்புகளைச் சரிசெய்யும் ஆப்ட் கட்டளையையும் கொடுத்தார். வரிகள் ஓடி முடிந்ததும் மறுதொடக்கம். கடவுச்சொல்லைத் தட்டினேன், என் மேசைத்திரை வந்தது.

அங்கேயே கட்டணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். திரை சிறியதாக இருப்பதை அவரே கவனித்தார். விண்டோஸோடு பகிர்ந்த கோப்புறையும் திறக்கவில்லை. இவற்றைக் கவனிக்கும், வர்ச்சுவல்பாக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பை வட்டுப் படக் கோப்பிலிருந்து நிறுவினால், அதன் தொகுதிகள் ஓடுகிற கெர்னலுக்கு ஏற்ப அந்த இயந்திரத்திலேயே தொகுக்கப்படும், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் வடிவுக்கு மாற்றப்படும். கெர்னல் மாறினால் திரும்பத் தொகுக்க வேண்டும். அதற்குத் தொகுப்பியும் அந்தக் கெர்னலின் தலைப்புக் கோப்புகளும் தேவை. அப்டேட்டுக்குப் பின் மெய்நிகர் லினக்ஸின் திரையில் வரும் கோளாறுகளில் பல இங்கே வேர்கொண்டவை. தலைப்புக் கோப்புகளை நிறுவி, தொகுதிகளைத் திரும்பத் தொகுத்தார். திரை முழு அளவுக்கு விரிந்தது. பகிர்ந்த கோப்புறையும் திறந்தது.

கணக்கின் முடிவைப் படமாகக் காட்டும் பாராவியூவில் நீரோட்டப் படத்தைத் திறந்தபோது சற்றுத் திணறியது. வர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் திரை நினைவகத்தை 128 எம்பிக்கு உயர்த்தினார். உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரத்தைத் தட்டி திரையில் படம் காட்டும் இரண்டு முறைகளில் வேலண்டுக்குப் பதில் எக்ஸ்ஆர்க் அமர்வைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். இப்போது படம் தடையில்லாமல் சுழல்கிறது. இது எல்லார் இயந்திரத்துக்கும் பொருந்தும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

கட்டணம் 1,200 ரூபாய். பெரிய கடையில் அழித்துப் போடவே அதைவிட அதிகம் கேட்டார்கள். இந்தத் தொகையில் எனக்கு மிகப் பெரிய மதிப்பாகத் தோன்றுவது அவர் கையால் எழுதிக் கொடுத்த தாள். தமிழில், பழுதின் காரணம் மேலே, கொடுத்த கட்டளைகள் வரிசையாகக் கீழே, ஒவ்வொன்றுக்கும் எதற்காக என்று ஒரு வரி. எழுத்து முனையமும் திறக்காமல் போனால், இயந்திரம் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தி, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் க்ரப் பட்டியலுக்குப் போய், கூடுதல் விருப்பங்களில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கலாம் என்றும் குறித்திருந்தார். அப்டேட்டுக்கு முன் ஸ்னாப்ஷாட், அதாவது மெய்நிகர் கணினியின் அப்போதைய நிலையின் பதிவு, எடுக்க வேண்டும், எல்லாம் சரியாக ஓடுகிறது என்று உறுதியான பின் அதை நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே விண்டோஸ் பக்கத்து வட்டைத் தின்றுவிடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. லினக்ஸுக்குள் கோப்புகளை அழித்தாலும் விண்டோஸில் உள்ள மெய்நிகர் வட்டுக் கோப்பின் அளவு தானாகக் குறையாது என்பதையும் அடிக்கோடிட்டிருந்தார். அந்தத் தாளைக் கண்ணாடி உறையில் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வாடிக்கையாளர் திரும்பி வரக்கூடாது என்று நினைத்து வேலை செய்யும் கடைக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பிப் போவேன்.

குறைகளும் உண்டு. மாடிப்படி ஒடுக்கம், மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது வயதானவர்களுக்குக் கடினம். கீழே பட்டறை ஓடும்போது சத்தத்தில் பேச்சு கேட்காது. தொலைபேசியை வேலை நடுவில் எடுக்கமாட்டார்கள். எப்போது முடியும் என்று கேட்டால், பார்த்த பிறகுதான் சொல்லமுடியும் என்பார்கள். அவசரக்காரர்களுக்கு இது பிடிக்காது. வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவை இல்லை. பெயர்ப்பலகையைச் சந்தின் முனையிலாவது வைத்தால் தேடி அலைய வேண்டியதில்லை. இதை அவரிடமே சொன்னேன். "செய்கிறேன் அண்ணா" என்றார், இன்னும் வைக்கவில்லை.

விண்டோஸ் மட்டும் வைத்திருந்து, கோப்புகளின் நகல் கையில் இருப்பவருக்கு எந்தக் கடையும் போதும். ஆராய்ச்சி மாணவர்கள், சர்வர் வைத்திருக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள், எங்களைப் போல லினக்ஸில் கணக்கு ஓட்டும் பட்டறைக்காரர்கள், இவர்கள் நேராக இங்கே போகலாம். போகும்போது சார்ஜரையும், மெய்நிகர் வட்டுக் கோப்பு முழுதாகக் கொள்ளும் அளவுக்கு இடமுள்ள ஒரு வெளி வட்டையும் எடுத்துப் போங்கள். நகலெடுக்காமல் அவர் தொடமாட்டார். கடையில் இருக்கும் வட்டு வேறொருவருடைய நகலுக்குப் போயிருந்தால் அது காலியாகும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.